சுல்தானுக்கும் சகலை, சக்கரவர்த்திக்கும் சகலை: ஹங்கேரியின் கராய் குடும்பம்

டிராகுலா கதையின் பின்னணியைத் தேடியோ, ஹுன்யாடி வீரர்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டோ 15ஆம் நூற்றாண்டு ஹங்கேரிக்குள் நுழைபவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் "கராய்" என்று ஒரு பெயர். ஒரு கராய் ராணிக்காகச் சாகிறார், இன்னொருவர் சிறைப்பட்ட ராஜாவைக் காப்பாற்றுகிறார், மூன்றாமவர் ஒரு இளைஞனின் தலை வெட்டப்பட்ட விவகாரத்தில் முன்னால் நிற்கிறார், அதே ஆள் பத்து மாதத்தில் செத்தவனின் தம்பிக்குத் தன் பெண்ணைக் கொடுக்கப் பேசுகிறார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்க்க ஆரம்பித்தால் எதுவும் புரியாது. அந்த நாட்டில் பதவி எப்படிக் கிடைத்தது, நிலம் யாருக்குப் போனது, பெண் கொடுத்து எடுத்ததால் என்ன லாபம் என்ற மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லாம் கோர்வையாக வரும்.

பெயர்க் குழப்பம்

கரா என்பது ஓர் ஊர். இன்று குரோவேஷியாவின் கிழக்கே, ஜாகொவோ நகரத்துக்குப் பக்கத்தில் கொர்யானி என்ற பெயரில் இருக்கிறது. ஹங்கேரிய மொழியில் ஊர்ப்பெயரோடு "இ" சேர்த்தால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். ஆகவே கராய் என்றால் கரா ஊர்க்காரர், அவ்வளவுதான். அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். இவர்கள் டொரோஷ்மா என்ற பழைய குலத்தின் ஒரு கிளை.

இந்தக் கட்டுரைக்கு நான்கு பேர் போதும்:

1. மூத்த மிக்லோஷ், 1386இல் கொல்லப்பட்டவர்.
2. அவர் மகன் இளைய மிக்லோஷ், 1433இல் இறந்தவர்.
3. இளைய மிக்லோஷின் மகன் லாஸ்லோ, 1459இல் இறந்தவர்.
4. லாஸ்லோவின் மகன் யோப், 1481இல் வாரிசில்லாமல் இறந்தவர்.

முதல் மூன்று பேரும் நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்கள். அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே பதவியில் உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை. ஏனென்றால் அந்தப் பதவி பரம்பரைச் சொத்து கிடையாது.

பதவி என்றால் என்ன

இங்கிலாந்து, பிரான்ஸ் பற்றிப் படித்தவர்கள் ஹங்கேரியிலும் டியூக், எர்ல் என்று பரம்பரைப் பட்டங்கள் இருந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஹங்கேரியில் அப்படி இல்லை. சட்டப்படி பிரபுக்கள் எல்லோரும் சமம். அவர்களில் ராஜா தரும் பெரிய பதவியில் இருப்பவர் "பாரோன்". பதவி போனால் அந்த அந்தஸ்தும் ஆட்டம் காணும். முக்கியமான பதவிகள் இவை:

1. பாலடைன், ஹங்கேரிய மொழியில் நாடோர். ராஜாவுக்கு அடுத்த ஆள். நாட்டின் உயர்ந்த நீதிபதிகளில் ஒருவர். ராஜா வெளியே போனால் நாட்டைப் பார்த்துக்கொள்பவர்களில் முதல்வர்.
2. பான். எல்லைப் பகுதி ஆளுநர். குரோவேஷியா-டால்மேஷியாவுக்கு ஒருவர், ஸ்லவோனியாவுக்கு ஒருவர், செர்பியாவை ஒட்டிய மாச்சோவுக்கு ஒருவர். சொந்தப் படை நடத்தும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு.
3. இஷ்பான். ஒரு மாவட்டத்தின் தலைவர். பெரிய பாரோன்கள் ஒரே சமயத்தில் பல மாவட்டங்களுக்கு இஷ்பானாக இருப்பார்கள்.

இதற்குச் சம்பளம் எது? பணமாகக் கிடைத்ததைவிடக் கோட்டையாகக் கிடைத்ததுதான் பெரிது. ஒரு மாவட்டத்தின் இஷ்பான் என்றால் அங்கிருக்கும் அரசுக் கோட்டைகள், அவற்றைச் சேர்ந்த கிராமங்கள், அவற்றின் வருமானம் எல்லாம் பதவியில் இருக்கும்வரை அவர் கையில். இதற்கு "ஹொனோர்" என்று பெயர். ராஜாவின் விருப்பம் இருக்கும்வரைதான் பதவி. முகம் சுளித்தால் மறுநாள் காலை கோட்டையும் இல்லை, கிராமமும் இல்லை, கூடவே அந்த வருமானத்தை நம்பி வேலை பார்த்த சின்னப் பிரபுக்களும் வேறு எஜமானரைத் தேடிப் போய்விடுவார்கள்.

நிலம் ஆண் வழி

பெரிய லாயோஷ் மன்னர் 1351இல் உறுதிசெய்த சட்டப்படி, குலச் சொத்து ஆண் வாரிசுகளுக்கே போகும். மகன் இல்லையென்றால் அண்ணன் தம்பி, பங்காளி என்று தேடுவார்கள். அந்த வரிசையிலும் ஆண் இல்லையென்றால் நிலம் அரசுக்குத் திரும்பிவிடும். மகளுக்குக் "கால் பங்கு" என்று ஓர் உரிமை இருந்தது, அதையும் பெரும்பாலும் பணமாகக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். ராஜா தனி உத்தரவு போட்டு ஒரு பெண்ணை "மகனாக" அறிவித்தால் மட்டும் அவள் நிலத்துக்கு வாரிசாகலாம்.

அப்படியானால் பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டியதால் பெரிய நிலம் வந்துவிடாது. பிறகு ஏன் இந்தப் பிரபுக்கள் கல்யாணத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள்? என் கணிப்பு இதுதான்: ராஜா பதவியைப் பிடுங்கலாம், கோட்டையைப் பிடுங்கலாம், துரோகம் என்று சொல்லி நிலத்தையும் பிடுங்கலாம். ஆனால் உறவைப் பிடுங்க முடியாது. ராஜாவின் மனைவிக்கு அக்காள் புருஷன் என்ற இடத்தை எந்த உத்தரவாலும் ரத்து செய்ய முடியாது. கராய் குடும்பத்தின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் இந்த ஒரு விஷயம் விளக்குகிறது.

மூத்த மிக்லோஷ்: கல்யாணப் பேச்சால் வந்த மரணம்

இவர் 1359 முதல் 1375 வரை மாச்சோவின் பான், அதன் பிறகு 1385 வரை பாலடைன். 1382இல் பெரிய லாயோஷ் மகன் இல்லாமல் இறந்தார். மகள் மரியாவை "ராஜா" என்ற பட்டத்தோடே முடிசூட்டினார்கள், அம்மா எலிசபெத் பின்னாலிருந்து ஆட்சி செய்தார். எலிசபெத்தின் வலது கை மூத்த மிக்லோஷ்தான்.

மரியாவுக்குச் சிறுவயதிலேயே லக்சம்பர்க் வம்சத்துச் சிகிஸ்மண்டோடு நிச்சயம் ஆகியிருந்தது. எலிசபெத்துக்கும் கராய்க்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, பிரெஞ்சு அரச குடும்பத்து மாப்பிள்ளையைத் தேடினார்கள். தெற்கே ஹோர்வாத் சகோதரர்கள் தலைமையில் ஒரு கூட்டம் பெண் ஆட்சியே வேண்டாம் என்று நேபிள்ஸிலிருந்து அங்கே ராஜாவாக இருந்த சார்லஸை அழைத்து வந்தது. 1385 டிசம்பர் 31இல் அவருக்கு முடிசூட்டினார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை, 1386 பிப்ரவரி 7இல் புடா அரண்மனையில் அவரை வெட்டினார்கள், அந்த மாதமே இறந்துபோனார். திட்டத்தில் கராயின் கை இருந்தது.

அந்தக் கோடையில் இரண்டு ராணிகளையும் அழைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார் மிக்லோஷ், தங்களைப் பார்த்தால் மக்கள் அடங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். ஜூலை 25, தன் சொந்த ஊரான கராவுக்குப் பக்கத்தில் ஹோர்வாத் ஆட்கள் மறித்தார்கள். கிழவர் குதிரையிலிருந்து இறங்கி, ராணிகள் உட்கார்ந்திருந்த வண்டிக்கு முதுகைக் கொடுத்து நின்று சண்டை போட்டதாகப் பழைய வரலாற்றேடுகள் சொல்கின்றன. அங்கேயே அவர் தலை போனது. எலிசபெத்தை அடுத்த ஜனவரியில் நோவிகிராட் கோட்டைச் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மரியா பிழைத்து 1387 ஜூனில் வெளியே வந்தபோது, யாரை மூத்த மிக்லோஷ் வேண்டாம் என்று தள்ளினாரோ அந்தச் சிகிஸ்மண்டே ராஜாவாக முடிசூடியிருந்தார்.

இளைய மிக்லோஷ்: இரண்டு கல்யாணம்

மகன் அப்பாவின் பழைய பகையைச் சுமக்கவில்லை. சிகிஸ்மண்டுக்கு உள்நாட்டில் நம்பிக்கையான ஆட்கள் வேண்டும், மிக்லோஷுக்கு அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்க ஒரு ராஜா வேண்டும். இருவரும் சேர்ந்தார்கள். மாச்சோவின் பான், குரோவேஷியா-டால்மேஷியாவின் பான், ஸ்லவோனியாவின் பான் என்று படிப்படியாக ஏறி 1402இல் பாலடைன் ஆனவர், சாகும்வரை 31 வருடம் அந்த இடத்தைவிட்டு இறங்கவில்லை.

இவருடைய முதல் கல்யாணம் செர்பிய இளவரசர் லாசரின் மகள் தியோடோராவோடு. ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் சமாதானம் செய்துவைக்க நடந்த சம்பந்தம் இது. 1389இல் கொசோவோ போரில் லாசர் உயிரிழந்தார். அவர் மனைவியும் மகன் ஸ்டெஃபானும் ஒட்டோமான்களுக்குப் பணிய வேண்டி வந்தது. பணிந்ததற்கு அடையாளமாக லாசரின் இன்னொரு மகள் ஒலிவேராவைச் சுல்தான் பாயசித்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது உறவைக் கணக்குப் போடுங்கள். அக்காள் தங்கையைக் கட்டியவர்கள் என்பதால் ஹங்கேரியின் பானும் ஒட்டோமான் சுல்தானும் சகலைகள். லாசரின் மகன் ஸ்டெஃபான் இருவருக்கும் மைத்துனர்.

1396 செப்டம்பர் 25, டான்யூப் கரையில் நிகோபோலிஸ். சிகிஸ்மண்டின் சிலுவைப்படையில் மிக்லோஷ் கராய் நிற்கிறார். எதிரே பாயசித். பாயசித்தின் பக்கம், கப்பம் கட்டும் சிற்றரசராக ஸ்டெஃபான். போர் இழுபறியாக இருந்த நேரத்தில் ஸ்டெஃபானின் செர்பியக் குதிரைப்படை பாய்ந்ததுதான் ஹங்கேரியப் படையை உடைத்தது. சிகிஸ்மண்ட் ஆற்றில் படகேறித் தப்பினார், கூடவே தப்பியவர்களில் மிக்லோஷும் ஒருவர், சில்லி நகரத்துக் கோமகன் ஹெர்மனும் ஒருவர். அந்தப் படகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பத்து வருட ஹங்கேரி அரசியல் அதற்குள் இருந்தவர்களைச் சுற்றித்தான் நடந்தது.

சிக்லோஷ் கோட்டையில் ஒரு ராஜா

வெளிநாட்டு ஆட்களுக்குப் பதவி கொடுக்கிறார் என்ற கோபத்தில் 1401 ஏப்ரல் 28இல் ஹங்கேரியப் பாரோன்கள் தங்கள் ராஜாவையே கைதுசெய்தார்கள். எஸ்டர்கோம் பேராயர் கனிஷாய் யானோஷ் முன்னின்று, ராஜா இல்லாமலே மகுடத்தின் பெயரில் ஆட்சி நடத்தினார். சிகிஸ்மண்டை முதலில் விஷெக்ராட் கோட்டையில் வைத்தார்கள்.

அங்கிருந்து அவரைத் தன்னுடைய சிக்லோஷ் கோட்டைக்கு மாற்ற மிக்லோஷ் பேரம் பேசினார். ராஜா தப்பிக்கமாட்டார் என்பதற்குப் பிணையாகத் தன் மகனையும் தம்பி யானோஷையும் பாரோன்களிடம் ஒப்படைத்தார். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. கொஞ்சம் பிசகியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். அந்த ஆள் ராஜா மேல் அந்த அளவுக்குப் பந்தயம் கட்டினார். கைதாகி ஆறு மாதம் கழித்து அக்டோபர் கடைசியில் சமரசம் முடிந்து சிகிஸ்மண்ட் வெளியே வந்தார், அடுத்த வருடமே மிக்லோஷ் பாலடைன்.

அந்தப் பேச்சுவார்த்தையில் பிறந்ததுதான் இரட்டைச் சம்பந்தம். மரியா 1395இலேயே இறந்திருந்தார். சிகிஸ்மண்ட் சில்லி ஹெர்மனின் கடைசி மகள் பார்பராவைக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு, 1405இல் கல்யாணம் நடந்தது. பார்பராவின் அக்கா அன்னாவை மிக்லோஷ் இரண்டாம் தாரமாகக் கட்டினார். (இதே பெயரில், இதே சில்லி குடும்பத்தில் இன்னொரு அன்னா உண்டு, அவர் போலந்து ராணி. இருவரையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.) சுல்தானுக்குச் சகலையாக இருந்தவர் இப்போது தன் ராஜாவுக்கே சகலை. சிகிஸ்மண்ட் பின்னால், 1433இல், ரோமில் சக்கரவர்த்தியாகவும் முடிசூடினார்.

இந்த வலையைச் சும்மா வைத்திருக்கவில்லை. 1408 டிசம்பர் 12இல் சிகிஸ்மண்டும் பார்பராவும் "டிராகன் சங்கம்" என்ற பிரபுக்களின் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் உறுப்பினர்களில் மிக்லோஷ் கராய், மாமனார் ஹெர்மன், முன்பு நிகோபோலிஸில் எதிர்ப்பக்கம் நின்ற ஸ்டெஃபான் மூவரும் உண்டு. பாயசித் 1402இல் அங்காராவில் தைமூரிடம் தோற்றுச் சிறைப்பட்ட பிறகு ஸ்டெஃபான் ஹங்கேரிப் பக்கம் வந்துவிட்டார், அந்த வழியில் பழைய சம்பந்தத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தச் சங்கத்தில் 1431இல் சேர்ந்த வலாகிய (இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதி) இளவரசர் விளாடுக்குத்தான் "டிராகுல்" என்று பெயர் ஒட்டிக்கொண்டது, அவர் மகன் டிராகுலா.

பிணையாகப் போன தம்பி யானோஷின் மகள் டொரொத்தியா 1428இல் போஸ்னியா மன்னர் இரண்டாம் த்வர்த்கோவைக் கட்டி ராணியானார். எல்லை நாடுகளில் கராய் குடும்பத்துக்குச் சம்பந்தி இல்லாத அரண்மனை குறைவு.

லாஸ்லோ: ராஜாவுக்குத் தாய்மாமன் முறை

இளைய மிக்லோஷுக்கும் சில்லி அன்னாவுக்கும் பிறந்தவர் லாஸ்லோ. இவரைச் சுற்றி இருந்த உறவுகள் இப்படி: ராணி பார்பரா சித்தி, சக்கரவர்த்தி சிகிஸ்மண்ட் சித்தப்பா, அவர்களுடைய ஒரே மகள் எலிசபெத் சகோதரி முறை. எலிசபெத்தின் கணவர் ஆல்பர்ட் ராஜாவாகி 1439 அக்டோபரில் இறந்தபோது எலிசபெத் கர்ப்பிணி. பாரோன்களில் பெரும்பாலோர் துருக்கியரை எதிர்க்க வளர்ந்த ராஜா வேண்டும் என்று போலந்து மன்னரை அழைத்தார்கள். எலிசபெத் விடவில்லை.

ஹங்கேரி ராஜாக்களுக்குச் சூட்டும் புனித மகுடம் விஷெக்ராட் கோட்டையில் இருந்தது. கோட்டைப் பொறுப்பு லாஸ்லோ கராய் கையில். 1440 பிப்ரவரியில் எலிசபெத்தின் பணிப்பெண் ஹெலேனா கொட்டானர் அதை ராவோடு ராவாக வெளியே எடுத்தார். எப்படி என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்: பூட்டுகளை அரத்தால் அறுத்தார்கள், பிறகு ஒரு சிவப்பு வெல்வெட் தலையணையைப் பிரித்துப் உள்ளிருந்த இறகுகளைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மகுடத்தை உள்ளே வைத்துத் தைத்தார்கள், பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி உறைந்த டான்யூபைத் தாண்டிக் கொமாரோம் போய்ச் சேர்ந்தார்கள். போன கையோடு குழந்தை பிறந்தது, ஆண் குழந்தை. மூன்று மாதம்கூட நிறையாத அந்தக் குழந்தைக்கு மே 15இல் முடிசூட்டினார்கள். அவர்தான் ஐந்தாம் லாஸ்லோ, லாஸ்லோ கராய்க்கு மருமகன் முறை.

தாய்மாமன் முறையில் இருந்தவர் தாய்மாமன் வேலையைத்தான் செய்தார். எலிசபெத்தின் படையை நடத்தி, 1440-41 குளிர்காலத்தில் பாட்டசேக் பக்கம் போலந்துக் கட்சித் தளபதிகளிடம் தோற்றார். அந்தத் தளபதிகளில் ஒருவர் ஹுன்யாடி யானோஷ். கராய்-ஹுன்யாடி பகை என்று பின்னால் பேசப்படுவதற்கு இங்கேதான் வேர். 1446இல் ஹுன்யாடி நாட்டின் ஆளுநராகத் தேர்வானார், 1447இல் கராய் பாலடைன் ஆனார். பிடிக்காவிட்டாலும் சேர்ந்து நாட்டை நடத்தினார்கள்.

1456 முதல் 1459 வரை

இந்த மூன்று வருடம்தான் எல்லோரையும் குழப்புவது, வரிசையாகப் பார்ப்போம்.

1. 1456 ஆகஸ்டில் ஹுன்யாடி யானோஷ் கொள்ளைநோயில் இறந்தார். அதிகாரம் சில்லி உல்ரிக் கைக்குப் போனது. இவர் லாஸ்லோ கராய்க்குத் தாய்மாமன் மகன்.
2. நவம்பர் 9இல் பெல்கிரேடில் ஹுன்யாடியின் மூத்த மகன் லாஸ்லோவின் ஆட்கள் உல்ரிக்கைக் கொன்றார்கள்.
3. 1457 மார்ச்சில் ராஜா ஐந்தாம் லாஸ்லோ, ஹுன்யாடியின் மகன்கள் இருவரையும் புடாவில் பிடித்தார். மார்ச் 16இல் மூத்தவனுக்குத் தலை வெட்டு. மூன்று வெட்டு விழுந்தும் உயிர் போகாமல் எழுந்து நின்றான் என்று பழைய வரலாற்றேடுகளில் இருக்கிறது. ராஜாவைத் தூண்டியவர்களில் முதல் ஆள் பாலடைன் கராய். மச்சானைக் கொன்றவனை அவர் விட்டுவைத்திருக்க மாட்டார்.
4. நவம்பரில் ராஜா பிராகாவில் திடீரென்று இறந்தார், வயது 17. குழந்தையில்லை. கராய்க்கு இருந்த மிகப் பெரிய உறவு ஒரே நாளில் போய்விட்டது.
5. சிறையில் இருந்த இளைய மகன் மாத்யாஷை ராஜாவாக்க அவனுடைய தாய்மாமன் சிலாஜி மிஹாய் படையோடு கிளம்பினார். 1458 ஜனவரியில் செகெட் நகரத்தில் அவரும் கராயும் ஒப்பந்தம் போட்டார்கள்: கராய் தேர்தலில் ஆதரிப்பார், ஹுன்யாடி குடும்பம் பழிவாங்காது, மாத்யாஷ் கராயின் மகள் அன்னாவைக் கட்டிக்கொள்வான்.

அண்ணனைக் கொல்லவைத்தவரின் மகளைத் தம்பிக்குக் கட்டிவைப்பதா என்று நமக்கு வயிறு எரிகிறது. அந்தக் காலத்துக் கணக்கு வேறு. கையெழுத்துப் போட்ட வாக்குறுதியை எந்த ராஜாவும் மீறலாம், ஆனால் மாமனாரைத் தொடுவது கஷ்டம். தன் உயிருக்கும் கோட்டைகளுக்கும் கராய் கேட்ட பாதுகாப்பு இந்தக் கல்யாணம்.

ஜனவரி 24இல் மாத்யாஷ் ராஜாவாகத் தேர்வானான், பதினைந்து வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அப்போது அவன் இருந்தது பிராகாவில், போஹேமியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த போடியெப்ராட் ஜார்ஜின் காவலில். அங்கே ஜார்ஜின் மகள் காதரீனாவைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துத்தான் வெளியே வந்தான். அன்னா கராய் கல்யாணம் அத்தோடு முடிந்தது. வந்த சில மாதங்களில் லாஸ்லோ கராயின் பாலடைன் பதவியைப் பிடுங்கி, குத்தி ஓர்சாக் மிஹாய் என்பவருக்குக் கொடுத்தான்.

மாமனார் ஆகவில்லை, பாலடைனும் இல்லை. கராய்க்கு மிச்சம் இருந்தது சண்டை மட்டும். ஜூலையில் தன் சிமொந்தோர்னியா கோட்டையில் உய்லாகி மிக்லோஷோடும், மருமகன் மாத்யாஷோடு முறைத்துக்கொண்ட அதே சிலாஜியோடும் கூட்டணி போட்டார். 1459 பிப்ரவரி 17இல் கராய், உய்லாகி முதலான பாரோன்கள் நேமெத்உய்வாரில் கூடி ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெடெரிக்கை ராஜாவாக அறிவித்தார்கள். அந்த வசந்தம் முடிவதற்குள் லாஸ்லோ கராய் இறந்துபோனார்.

கோட்டை யாருக்குப் போனது

மகன் யோப்புக்கு அப்பாவின் இடம் கிடைக்கவில்லை. சொத்து இருந்தது, சிக்லோஷ் இருந்தது, ராஜாவோடு உறவு இல்லை. 1481இல் அவர் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது முதலில் பார்த்தோமே அந்த 1351 சட்டம் வேலை செய்தது: நிலம் அரசுக்குத் திரும்பியது.

அரசு என்றால் அப்போது மாத்யாஷ். அவருக்குப் பட்டத்து ராணிகள் மூலம் பிழைத்த பிள்ளை இல்லை, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த ஒரே மகன் யானோஷ் கொர்வினுஸ், வயது எட்டு. அந்தப் பையனைப் பெரிய நிலக்காரனாக்கி எப்படியாவது அடுத்த ராஜாவாக்கிவிட வேண்டும் என்று கோட்டை கோட்டையாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்பது வருடத்துக்கு முன்னால் இளைய மிக்லோஷ் தன் மகனையும் தம்பியையும் பிணை வைத்து ஒரு ராஜாவைக் காப்பாற்றிய அந்தச் சிக்லோஷும் அவனுக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது.